வலது பக்கமே போன வண்டி

பாஸ்போர்ட் விசாரணைக்காகப் போலீஸ் ஜீப் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்துக்கு வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். தலையைத் துவட்டியபடி வெளியே வந்தால், வரிசையில் இருக்கும் பத்து வீட்டுக்காரர்களும் முற்றத்தில் நிற்கிறார்கள். எங்கள் சின்னக்கானல் பக்கம் யானை வந்தால் எல்லோரும் உள்ளே போவார்கள். போலீஸ் வந்தால் எல்லோரும் வெளியே வருவார்கள்.

போலீஸ்காரர் மலையாளி. கையில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்.

“மோள் எந்தினா மலேசியாவுக்குப் போணே?”

“ரோபோ ஓட்டப் போறா சார்.”

“டிரைவரா?”

“ஆமா சார். இவதான் டிரைவர். கூட ரெண்டு பிள்ளைக இருக்காக.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஈரத்தலையோடு நிற்கும் பதினாறு வயதுப் பெண். “லைசென்ஸ் உண்டோ?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா பதறிப்போய், “பள்ளிக்கூடத்துல குடுத்துருக்காக சார்” என்று உள்ளே ஓடி, ஆண்டுவிழாவில் பேச்சுப் போட்டிக்கு நான் வாங்கிய சர்டிஃபிகேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார்.

எங்கள் அரசுப் பள்ளியிலிருந்து ரோபோ போட்டிக்குப் போன குழுவில் மொத்தம் மூன்று பேர். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருப்பவரின் மகள் ஒருத்தி. கையில் ஸ்பேனர் இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். வண்டியைக் கட்டியது அவள்தான். கம்ப்யூட்டரில் அதற்கு மூளை எழுதியவன் எங்கள் வகுப்புப் பையன். அவனுடைய அப்பா எஸ்டேட்டுச் சர்ச்சில் உபதேசியார். அதனாலோ என்னவோ, எதைச் சொன்னாலும் மூன்று தலைப்பாகப் பிரித்துச் சொல்வான். மூன்றாவது ஆள் நான். எனக்குக் கட்டவும் தெரியாது, எழுதவும் தெரியாது. ரிமோட்டைப் பிடித்தால் மற்ற இருவருக்கும் கை நடுங்கியது, எனக்கு நடுங்கவில்லை. என் தகுதி அவ்வளவுதான்.

ரோபோ என்ற சொல்லை நாங்கள் மேடையில் மட்டும்தான் சொல்வோம். மற்ற நேரத்தில் அது வண்டி. பிரஷர் குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள் அடங்குகிற அளவு. நான்கு சக்கரம், முன்னால் ஒரு கை. போட்டி இதுதான்: முதல் அரை நிமிடம் வண்டி தானாகவே போய், தரையில் கிடக்கும் பந்துகளைப் பிடித்துக் கூடையில் போட வேண்டும். அப்போது யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் நான் ஓட்டலாம்.

பழகுவதற்கு எஸ்டேட்டில் மூடிக்கிடந்த பழைய கிரெஷ் கட்டடத்தைத் தந்தார்கள். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் எங்களையெல்லாம் குழந்தைகளாக இருந்தபோது விட்டுப்போன அதே கட்டடம். அதன் தரையில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டு, ஆறு மாதம் பழகினோம். ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினோம். அந்த வீடியோவைப் பார்த்தே எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். டிக்கெட்டுக்குப் பஞ்சாயத்தும் எஸ்டேட்டும் உதவின. எங்களைக் கூட்டிப்போக வந்தவர் ஃபிசிக்ஸ் டீச்சர். தொடுபுழாக்காரர். எங்களோடு சேர்ந்து சேர்ந்து, மலையாளத்தைத் தமிழ் என்று நம்பிப் பேசுபவர்.

விமானத்தில் நாங்கள் மூவரும் வாந்தி எடுக்காமல் இருந்ததே ஒரு சாதனை. விமான நிலையத்துக்கு வரும் அடிமாலி மலைப்பாதையிலேயே அதையெல்லாம் எடுத்து முடித்திருந்தோம்.

போட்டி நடந்த அரங்கம் எங்கள் ஃபேக்டரியைப் போல மூன்று மடங்கு இருந்தது. ஒவ்வொரு நாட்டுக் குழுவுக்கும் ஒரு மேஜை. பக்கத்து மேஜைக்காரர்கள் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு, சக்கரம் வைத்த கருவிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கருவிகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன. முதல் நாள் பழகுவதற்கு. எங்கள் முறை வந்ததும் வண்டியைக் களத்தில் வைத்து, பொத்தானை அமுக்கிவிட்டு விலகி நின்றோம்.

வண்டி இரண்டடி நேராகப் போயிற்று. பிறகு வலது பக்கம் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. ஒரு பந்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போய் வலதுபக்கச் சுவரில் முட்டி, அங்கேயே நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி வைத்தோம். மறுபடி வலது பக்கம். ஐந்து முறை வைத்தோம், ஐந்து முறையும் அதே சுவர்.

மேஜைக்குத் திரும்பியதும் சண்டை தொடங்கியது.

“சக்கரத்தை ஒழுங்கா மாட்டலைன்னா இப்படித்தான் போகும்” என்றான் உபதேசியார் மகன்.

“என் சக்கரத்தைச் சொல்லாத. நீ என்னத்தை எழுதித் தொலைச்சியோ அதைப் பாரு.”

“இதுக்கு மூணு காரணம் இருக்கலாம்...”

“மூணுமே நீதான்டா!”

டீச்சர் நடுவில் புகுந்து, “மதி மதி, வழக்கு போடாதே. ஆள்காரு நோக்குது” என்று கெஞ்சினார். மதி என்றால் அவருக்குப் போதும், வழக்கு என்றால் சண்டை. அப்போதுதான் நான் கவனித்தேன். இரண்டு மேஜை தள்ளி ஓர் அக்கா நின்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு டீ ஷர்ட், கையில் ஒரு அட்டை, ஒரு பேனா. தன்னார்வலர்கள் எல்லோரும் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

“அந்தா அந்தப் பொம்பளையப் பாருங்க” என்றேன் நான், தமிழ் தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் மட்டுமே என்ற தைரியத்தில். “அப்போருந்து இங்கிட்டே நிக்குது. நம்ம டிசைனைப் பாத்து எழுதிக்கிட்டு இருக்கு. யாருக்கோ கொண்டுபோய்க் குடுக்கத்தான்.”

ஃபிட்டர் மகள் உடனே ஒரு துண்டை எடுத்து வண்டியை மூடினாள். அந்த அக்கா மெதுவாக நடந்து வந்தார். மேஜைமேல் கையை ஊன்றினார்.

“தங்கச்சி” என்றார், “நான் அரை மணி நேரமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். உங்க ரோபோவுல திருட ஒன்னுமே இல்ல லா.”

எங்கள் மூவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டீச்சர் மட்டும் “தமிழாணோ!” என்று மகிழ்ச்சியில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் அங்கே ரப்பர் தோட்டத்துக்குப் போனதாம். “நாங்களும் எஸ்டேட்டு ஆளுங்கதான்” என்று சொன்னார். பேச்சின் வாலில் ‘லா’ சேர்ப்பது அந்த ஊர்ப் பழக்கம். அவருக்கு ரோபோ பற்றி ஒன்றும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளத்தான் அட்டையோடு நின்றிருக்கிறார். எங்களுடைய நான்கு பேரை எழுத வந்தவர், சண்டை முடியட்டும் என்று காத்திருக்கிறார்.

அக்கா எங்கள் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஃபிட்டர் மகள் கையிலிருந்த பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஷூ கயிறு கட்டக் குனிந்தாள். கட்டி முடித்து நிமிர்ந்தவள், பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏய், பந்து வச்ச இடத்துலயே கெடக்குடி.”

“கெடந்தா என்ன?”

“கிரெஷ்ல வச்சா கெடக்குமா?”

கிடக்காது. கிரெஷில் அணையாக ஒரு சிறு கல்லை வைக்காமல் பந்தைக் கீழே வைத்தால் அது இடதுபக்கம் இருக்கும் வாசல் வரைக்கும் உருண்டுபோய், படியில் குதித்து, தேயிலைக்குள் விழும். ஆறு மாதமும் பந்தை ஓடிப்போய்ப் பொறுக்கியது நான்தான். பந்து என்றால் உருளும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கைக்குழந்தைகள் இருந்த இடம். கழுவிவிட்டால் தண்ணீர் வாசல் வழியாக வடிய வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சரிவில் வண்டி இடது பக்கம் இறங்கியபோதெல்லாம், உபதேசியார் மகன் அதைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பும்படி எழுதி வைத்திருக்கிறான். அதைத்தான் வண்டி சமதரையிலும் சொன்ன சொல் மாறாமல் செய்திருக்கிறது.

“அப்ப வண்டி சரியாத்தான் போகுது” என்றான் அவன், தலையில் கை வைத்துக்கொண்டு. “தரைதான் நேரா இருக்கு.”

அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் அந்த அக்காதான். பிறகு எங்களுக்கும் அடக்க முடியவில்லை. டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஞான் ஃபிசிக்ஸ் டீச்சர்! எனிக்குப் பந்து உருளுனது தோணலையே!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் முழுக்க அவன் தான் எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்தான். ஒரே இடத்தில் எழுதியிருந்தால் பரவாயில்லை. வண்டி கோணிய ஒவ்வொரு நாளும் ஒரு மூலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மறந்துபோன நாட்களை ஞாபகப்படுத்தினோம். “மழையில ஓடு ஒழுகுச்சே, அன்னைக்கும் ஒன்னு மாத்துனல்ல?” என்று.

மறுநாள் போட்டி. இரண்டு நாட்டுக் குழுக்கள் சேர்ந்து, இன்னும் இரண்டு நாட்டுக் குழுக்களோடு மோத வேண்டும். முதல் ஆட்டத்தில் எங்களுக்குக் கூட்டாளி மங்கோலியா. மூன்று நெட்டைப் பையன்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவாகத் தெரிந்த ஆங்கிலம் ‘நோ ப்ராப்ளம்’ மட்டும். வண்டி முதல் அரை நிமிடம் கோடு கிழித்ததுபோல் நேராகப் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில், என் முறை வந்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. வண்டி என்னைப் பார்த்துத் திரும்பி வரும்போது இடது வலதாகிவிடும் என்பது மறந்துபோய், மங்கோலியாக்காரர்களின் ரோபோவை மூலையில் தள்ளி, மணி அடிக்கும் வரை அங்கேயே நெருக்கி வைத்திருந்தேன். தோற்றோம். “ஸாரி, ஸாரி” என்று நான் ஓடினேன். அந்த நெட்டைப் பையன் தன் ரோபோவின் ஒடிந்த மூலையைக் கையில் வைத்துக்கொண்டு “நோ ப்ராப்ளம்” என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் ப்ராப்ளம் நன்றாகவே இருந்தது.

இரண்டாவது ஆட்டமும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டியின் கையை இழுத்துப் பிடிக்கும் கொக்கி உடைந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துத் தேடியும் வேறு கொக்கி இல்லை. ஃபிட்டர் மகளின் கண் டீச்சரின் கழுத்துக்குப் போயிற்று. அங்கே அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையின் தலையில் நல்ல இரும்புக் கொக்கி.

“டீச்சர், அதைக் கொஞ்சம் குடுங்க.”

டீச்சர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு, சார்ஜில் போட்டிருந்த பேட்டரியை எடுத்து வருகிறேன் என்று வெளியே போனார். கொக்கி அட்டையோடு சேர்த்து அடித்திருந்தது, பிரிக்க வரவில்லை. நேரமும் இல்லை. அட்டையோடேயே மாட்டி, ஆடாமல் இருக்க டேப் சுற்றினாள். இருந்த பேட்டரியோடு களத்துக்கு ஓடினோம்.

அந்த ஆட்டத்தில் நான் யாரையும் நெருக்கவில்லை. பந்து பந்தாக எடுத்துக் கூடையில் போட்டேன். மணி அடித்தபோது பலகையில் எங்கள் பக்கம் எண் கூடுதலாக இருந்தது. எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. உபதேசியார் மகன் முழங்காலில் விழுந்துவிட்டான். ஃபிட்டர் மகள் என் முதுகில் ஸ்பேனரோடு அடித்தாள். எங்கோ பின்னாலிருந்து “அடிச்சிட்டாங்க லா!” என்று சாப்பாட்டு அக்காவின் குரல் கேட்டது. டீச்சரைத் திரும்பித் தேடினோம். காணோம்.

டீச்சர் வாசலில் மாட்டிக்கொண்டிருந்தார். பேட்டரியோடு திரும்பி வந்தவரைக் காவலர் நிறுத்திவிட்டார். அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாதாம். டீச்சர் மலையாளத்தில் சொல்லிப் பார்த்தார், தமிழ் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மலையாளத்தில் சொன்னார், ஆங்கிலத்தில் அழுதார். காவலர் தலையை மட்டும் ஆட்டினார். வாசலுக்கு மேலே ஒரு பெரிய டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கேமரா எங்கள் வண்டிக்குக் கிட்டே போயிருக்கிறது. வண்டியின் கை மேலே எழுந்தது. அந்தக் கையில், டேப்புக்கு நடுவே, திரை முழுக்க டீச்சரின் ஃபோட்டோ.

“தட் இஸ் மீ!” என்று டீச்சர் கத்தினாராம்.

காவலர் திரையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, ஏதோ மந்திரியை அனுப்புவதுபோல் குனிந்து வழிவிட்டார். டீச்சர் ஓடி வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது. நாங்கள் ஜெயித்த ஒரே ஆட்டம் அது. அவர் பார்த்தது டிவியில் பாதி. எனக்கு அது சங்கடமாக இருந்தது. அதைச் சொன்னபோது, பரவாயில்லை என்று கையை ஆட்டி, “அது சாரமில்லை மோளே. நிங்கள் கண்டது தூரத்துல. ஞான் கண்டது க்ளோசப்” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு ஆட்டம் ஆடினோம், இரண்டிலும் தோற்றோம். அறுபது குழுக்களில் நாற்பத்தி இரண்டாவது இடம். கோப்பை இல்லை. கலந்துகொண்டதற்கு ஆளுக்கு ஒரு பதக்கம் தந்தார்கள், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

ஜீப் லயத்துக்குக் கீழே நின்றதும் அம்மா இறங்கி வந்தாள். வேலைக்குப் போகாமல் லீவு போட்டிருந்தாள்.

“எத்தனாவதும்மா வந்தீக?”

“நாப்பத்தி ரெண்டு” என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

“எத்தனை பேர்ல?”

“அறுபது.”

அம்மா உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். முகம் மலர்ந்தது.

“அப்ப பதினெட்டு நாடு உங்களுக்குக் கீழயா?”

“நாடு இல்லம்மா, டீமு. ஒரே நாட்டுலருந்து ரெண்டு மூணு டீமுகூட வரும்.”

அவள் அதைக் கேட்கவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியிருந்தாள். முதல் வீட்டைத் தாண்டும்போதே, “பதினெட்டு நாட்டை ஜெயிச்சுட்டு வந்துருக்காக எங்க பிள்ளைக!” என்று சொல்வது காதில் விழுந்தது. பத்தாவது வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் செய்தி பரவி முடிந்திருந்தது. இரண்டு நாள் எல்லோரிடமும் திருத்திச் சொன்னேன். மூன்றாம் நாள், கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, “அந்தப் பதினெட்டுல பெரிய நாடு எதுடி?” என்று ஆசையாகக் கேட்டார். எல்லோரும் கூடையை இறக்கிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன்.

“ஜெர்மனி” என்றேன்.

அது பொய்யில்லை. ஜெர்மனிக் குழு ஒன்றின் ரோபோ பெட்டி விமானத்தில் வராமல் போய்விட்டது. பாவம், அவர்கள் அறுபதாவது.