காரணம் கேட்ட அந்த ஒரு போன்

இன்று மதியம் எங்கள் ஊர் கிட்வேயின் சிசோகோனே சந்தையில் நகல் எடுக்கப் போன இடத்தில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? கபெம்ப்வாவை! எங்கள் சீருடைத் தையல் ஆலையில் பத்தொன்பது வருடம் பணியாளர் அதிகாரியாக இருந்தவர். இப்போது சந்தையில் மனுக்கள் தட்டச்சு செய்து கொடுக்கிறார். அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் போன மாதத்திலிருந்து நான் உட்காருகிறேன். அதைச் சொன்னதும் சிரித்தார்.

"அந்த நாற்காலியா? இடது கால் இன்னும் ஆடுதா?"

"ஆடுது பாஸ்."

"நாற்காலி மேல தப்பில்லம்மா. உக்காந்தவன்தான் சரியில்ல."

பிறகு வேலையை விட்ட கதையை அவரே சொன்னார். எங்கள் நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஒரு 'அன்னையர் நாள்' விடுப்பு உண்டு. காலையில் போன் செய்து "இன்னிக்கு என் நாள்" என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கபெம்ப்வாவும் கேட்டதில்லை. ஆனால் பள்ளி திறக்கும் சமயம், சட்டைகள் பாதி தைத்தபடி கிடக்க, ஒரே வெள்ளிக்கிழமை பதினொரு பேர் வரவில்லை. திங்கள்கிழமை முதல் காரணம் கேட்க ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை பூபே கூப்பிட்டாள். காலர் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறையில் நாலு மேற்பார்வையாளர்கள்.

"பாஸ், இன்னிக்கு என் நாள்."

"எதுக்கு?"

கபெம்ப்வா விடவில்லை.

"சொல்லும்மா. தலை பின்னவா, கல்யாணப் பொண்ணோட கிச்சன் பார்ட்டில ஆடவா?"

நாலு பேரும் சிரித்தார்கள்.

"இல்ல பாஸ். வந்துடறேன்."

வந்தாள். பதினொரு மணிக்கு மெஷின் மேலேயே சாய்ந்தாள். மூன்று மாதக் கர்ப்பம், கலைந்துவிட்டது.

வயிறு தெரியும்வரை அதை வெளியில் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. "என் சம்சாரம் நாலு தடவையும் அப்படித்தான் மறைச்சா. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேட்டேன்," என்றார்.

மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனாராம். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் மண்டியிட்டுத் தண்ணீர் கொடுத்தாளாம். "குடிச்சேன், வந்துட்டேன். ஒரு வார்த்தை வரல." அந்த வாரமே வேலையை விட்டார். நாலு வருடம் ஆகிறது.

"அவ இப்ப நாள் எடுக்கறாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "பதிவேட்டுல பார்த்தேன் பாஸ். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட எடுக்கல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்று மாலை ஐந்து மணிக்கு அவரே ஆலை வாசலில் வந்து நின்றார். பூபே பார்த்தாள், வழக்கம்போல் மண்டியிடக் குனிந்தாள். அதற்குள் அவர் மண்டியிட்டுவிட்டார், எல்லார் முன்னாலும், புழுதியில்.

"நான் கேட்டிருக்கக் கூடாதும்மா."



"எழுந்திருங்க பாஸ். என் பஸ் போயிடும்."

போய்விட்டாள். அவர் எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன்.

அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற யாரையாவது தெரியுமா? இதை இப்போதே அனுப்புங்கள். நாளைக் காலை போன் அடிப்பதற்குள் அவர்கள் படிக்கட்டும்.