வெற்றிடத் தொட்டியும் இறங்காத முள்ளும்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். நாங்கள் செய்துகொண்டிருந்தது அயனி எந்திரம். பாதரச ஆவியை மின்சாரத்தால் அயனிகளாக்கி வெளியே தள்ளும். அதன் உந்துவிசை, உள்ளங்கையில் வைத்த ஒரு காகிதத்தின் கனம்தான். ஆனால் வருஷக்கணக்காக நிற்காமல் தள்ளினால் சிறுகோள்கள் வரை போய்விடலாம் என்று எங்கள் தலைவர் நம்பினார். கரமனையில் தினமும் பஸ் ஏறவே முட்டிமோதுகிற எனக்குச் சிறுகோளை நம்பக் கொஞ்ச காலம் பிடித்தது. நம்பிய பிறகு விட முடியவில்லை.

வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அன்று எந்திரம் ஓடிக் காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அது ஓட வெற்றிடம் வேண்டும். இரும்புத் தொட்டிக்குள் வைத்து மூடி, பம்பு போட்டுக் காற்றை எடுக்க வேண்டும். மூன்று நாளாகப் பம்பு ஓடியது. அழுத்தமானியின் முள் பாதி வழியில் நின்றுகொண்டு, இறங்க மாட்டேன் என்றது.

எங்கோ ஓட்டை என்று நினைத்தோம். ஒவ்வொரு மூட்டின் ரப்பர் சீலிலும் பிரஷ்ஷால் அசிட்டோன் தடவி, ஓட்டை இருந்தால் துள்ளும் என்று முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை. போல்ட்டுகளை முறுக்கி முறுக்கிக் கை கொப்பளித்தது. சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் போகும்போதும் காதுக்குள் பம்பு ஓடியது.

புதன்கிழமை மத்தியானம் தலைவர் தொட்டியில் சாய்ந்து நின்று, "சீலெல்லாம் நோக்கியாச்சா?" என்றார். அன்றைக்கு அது நாலாவது தடவை. அவர் நிமிர்ந்தபோது சட்டைக் கையில் சந்தனத் தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த விஜயதசமி நினைவு வந்தது.

நவராத்திரிக் கடைசியில், சரஸ்வதி பூஜைக்கு அங்கே சொல்கிற பூஜைவைப்புக்கு, எந்திரத்தையும் கருவிகளையும் மேஜைமேல் வைத்து இரண்டு நாள் தொடாமல் இருந்தோம். விஜயதசமி காலையில் எல்லோரும் தொட்டியின் வெளிப்புறத்தில் சந்தனம் வைத்தார்கள். ஓடப்போவது தொட்டியா, எந்திரமா? யாரும் பார்க்காதபோது கையுறையைக் கழற்றி, எந்திரத்தின் பின்பக்கம் ஒரு பொட்டு வைத்தேன். அப்புறம்தான் உள்ளே வைத்து மூடினோம். சந்தனத்தின் ஈரமும் எண்ணெயும் வெற்றிடத்தில் ஆவியாக வந்துகொண்டே இருக்கும்; முள் இறங்காது. உள்ளே விரல் ரேகைகூடப் படக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தவனே நான்தான்.

"சார், ஓட்டை ஒண்ணும் இல்லை. நான்தான். உள்ளே எஞ்சின்ல சந்தனம் வெச்சேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. "தொட்டியைத் தொற" என்றார். திறந்தால் மறுபடி காற்றை எடுக்க மூன்று நாள். திறக்காவிட்டாலும் வியாழன் போனதுதான்.

திறந்தோம். என் பொட்டை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து எந்திரத்தின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். அவர் துடைத்தது இன்னொரு சந்தனப் பொட்டை. அவர் கோயில் பக்கமே போகாதவர்.

"இது என்னோடதாக்கும்" என்றார். "நீ வீட்டுக்குப் போ."

மறுநாள் குழுவிடம் பம்பில் கோளாறு என்று சொன்னார். அரை மணி நேரத்தில் திட்டத்தை மூடிவிட்டார்கள். நான் அந்தப் பம்பின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதற்கு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.