அறுபது ஈயத்தலைகளும் ஒரு மருவும்

என் அலுவலக மேஜையின் இழுப்பறையைத் திறந்தால் பென்சிலுக்கும் குண்டூசிப் பெட்டிக்கும் நடுவே புழுக்கள் படுத்திருக்கும். பச்சை, வெள்ளை, சிவப்பு, வாலில் மட்டும் மஞ்சள். ரப்பரைப் போல ஒரு மெத்துப் பண்டத்தில் செய்தவை, அமெரிக்காவிலிருந்து வந்தவை. தீவின் புழுக்கத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிறம் மாற்றிக்கொள்ளும். பச்சையின் வயிற்றில் சிவப்பு ஊறும். ஒரு சிவப்புப் புழு என் பிளாஸ்டிக் அளவுகோலைக் கட்டிப்பிடித்து முதல் அரை அங்குலத்தைக் கரைத்துவிட்டது. அன்றுமுதல் நான் கோடு போட்ட படிவங்கள் எல்லாவற்றிலும் அரை அங்குலம் குறைவு. மேலிடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, அந்தமானுக்குப் போனவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பீர்கள். இங்கே என்னோடு கப்பலேறி வந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவரவர் இழுப்பறையில் அவரவருக்கு ஏதோ ஒன்று படுத்திருக்கிறது.

நான் மன்னார்குடிக்காரன். வாய்க்கால், வயல், கோவில் குளம் என்று அளவாக அடைத்துவைத்த தண்ணீரைத்தான் முப்பது வயதுவரை பார்த்தேன். கடலை முதன்முதலில் பார்த்ததே அதன்மேல் ஏறிப்போகத்தான். அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேரின் ஹேடோவில் ஒரு அலுவலகத்தில் ஸ்டோர் கிளார்க்காக வந்து சேர்ந்தேன். கிளம்பியபோது மகளுக்கு மூன்று மாதம். நான் வந்தபின் அவள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், பல் முளைத்து நின்றாள், பேசினாள். எல்லாம் மனைவி கமலத்தின் கையெழுத்தில் கப்பலில் வந்தன, சில சமயம் இரண்டு கடிதங்கள் ஒரே கப்பலில் வந்து, குழந்தை ஒரே மத்தியானத்தில் தவழ்ந்து எழுந்து ஓடினாள். அவள் என் போட்டோவைப் பார்த்து அப்பா என்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரர் போட்டோவைப் பார்த்தும் அப்பா என்கிறாளாம். இந்த வரியைப் படித்த அன்று மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டு மனு எழுதினேன். அதை மேலே அனுப்ப எங்கள் பெரிய சாஹிபின் கையெழுத்து வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

சாஹிப் லக்னோக்காரர். அவருக்கும் கடல் புதிது; ஆனால் அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மைத்துனர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு தூண்டில் கழியும் ஒரு பெட்டி நிறையப் புழுக்களும் அனுப்பியிருந்தார். புழுவின் வாயில் பொருத்த ஒரு ஈயத்தலை வேண்டும், அந்தத் தலையிலிருந்து முள் நீண்டு புழுவின் உடம்புக்குள் போகும், ஈயத்தின் கனத்தில் புழு நீருக்குள் இறங்கி உயிருள்ளதுபோல ஆடும், மீன் ஏமாறும். இதற்கு ஜிக் ஹெட் என்று பெயர் என்று கூட வந்த காகிதம் சொன்னது. புழுவுக்குத் தக்க தலையைத் தேர்ந்துகொள்க என்றும் சொன்னது. தலைகளை மட்டும் மைத்துனர் அனுப்ப மறந்துவிட்டார். சாஹிப் என்னைக் கூப்பிட்டார். நான் மதராஸி. மதராஸி என்றால் கடற்கரையில் பிறந்து, மீன் தின்று வளர்ந்து, நீந்தியே பள்ளிக்கூடம் போனவன் என்பது அவர் எண்ணம். நாங்கள் சைவக் குடும்பம், மீனைத் தொட்டதுகூட இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் மனுவைக் கண்ணாடிக் குண்டின் அடியில் வைத்து, குண்டைத் தட்டிச் சொன்னார்: "ஏக் மச்லி, ஏக் சிக்னேச்சர்." ஒரு மீன், ஒரு கையெழுத்து. மூன்று வருஷத்தில் அரசாங்கம் எனக்குச் சொன்ன மிகத் தெளிவான பதில் அதுதான்.

எங்களுக்குத் தெரிந்த வழியில் வேலையைத் தொடங்கினோம். காகிதத்தில் இருந்த படத்தைப் பார்த்து அலுவலகப் பட்டறையில் ஒரு ஈயத்தலை வார்த்தார்கள். சாஹிப் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, அங்கீகரித்து, நூலில் ஒரு சீட்டுக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு உருக்கிவிட்டு முத்திரை வைத்தார். இனி அதுதான் மாதிரி. மாதிரியைப் போலவே அறுபது என்று உத்தரவு. முத்திரை வைத்த மாதிரியில் கைவைக்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது. அரக்கு ஈயத்தோடு ஒட்டி இறுகியிருந்தது. சீட்டை மட்டும் மடித்து வைத்துவிட்டு, அரக்கோடு சேர்த்தே அச்சு மண்ணில் அழுத்தி எடுத்துவிட்டார்கள் பட்டறையில். அறுபது ஈயத்தலைகள் வந்தன. அறுபதுக்கும் ஒரே எடை, ஒரே முள், இடது கன்னத்தில் ஒரே மரு. மருவின்மேல் மங்கலாக அலுவலக முத்திரைகூடத் தெரிந்தது. எண்ணிப் பார்த்து, மாதிரியோடு ஒத்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். உண்மையில் ஒத்துத்தான் இருந்தது.

அலுவலக லாஞ்சை ஓட்டும் சவரிமுத்து, இடிந்தகரைக்காரன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன சார் இது, தலையில மரு முளைச்சிருக்கு? சாஹிபு ஆர்டரா, இல்ல தானா வந்ததா?" ஆர்டர்தான் என்றேன். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்; சம்பளம் வாங்குகிறவன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் லாஞ்சில் கடலுக்குப் போனோம். விரல் நீளப் பொடிப் புழுவுக்கும் அந்தத் தலைதான், முழ நீளப் புழுவுக்கும் அந்தத் தலைதான். பொடிப் புழு கல்லைப் போல விழுந்து பவளப்பாறையில் மாட்டி அறுந்தது. பெரும் புழு பாதி வழியில் மிதந்துகொண்டு கீழே போக மறுத்தது. மருவின் கனத்தால் எல்லாமே ஒருபக்கம் சாய்ந்து, பம்பரமாகச் சுழன்று, கயிற்றை முறுக்கி சாஹிபின் கையில் சிக்கலாக வந்து சேர்ந்தன. அவர் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்ப்பார். மதராஸி எதையோ மறைக்கிறான் என்ற பார்வை. கண்ணாடிக் குண்டின் அடியில் என் மனு பழுப்பேறத் தொடங்கியது.

ஐந்தாவது வாரம் நான் சவரிமுத்துவைத் தனியே பிடித்துக்கொண்டேன். படகுத்துறையில் உட்கார்ந்து வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். என்னதான் தப்பு, எனக்காவது சொல் என்றேன்.

"மீனு எல்லாம் பாத்துச் சிரிக்கி சார். புழு தட்டாமாலை சுத்திக்கிட்டு வந்தா எந்த மீனு தின்னும்? நீங்க தின்பியளா?"

"நான் மீனே தின்னமாட்டேன்பா."

"அது தெரியாதா. கடல் பூரா மீனு, இவரு உருளக்கெழங்குக்குக் கப்பல் பாத்து நிக்காரு." கயிற்றைக் கீழே வைத்தான். "சொல்லுதேன், கேளுங்க. எறங்கணும், ஆனா விழப்படாது. அம்புட்டுத்தான் சூட்சுமம்."

அவன் சொன்னதை அப்புறம் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடலுக்கடியில் ஓடும் ஓட்டத்துக்கு அவன் பெயர் நீவாடு. ஆழம் எவ்வளவு, நீவாடு எவ்வளவு இழுக்கிறது, இந்த இரண்டையும் பார்த்து, அடியைத் தொடும் அளவுக்கு மட்டும் ஈயம். அதற்குமேல் ஒரு குன்றிமணிகூட வேண்டாம். நீவாடு தணிந்திருந்தால் சின்னத் தலை, இழுத்தால் பெரிய தலை. முள்ளைப் புழுவின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதுகின் நடுவில் அது வெளியே வர வேண்டும். அதையும் தாண்டி வால்வரை போனால் வால் ஆடாது. வால் ஆடாவிட்டால் அது புழுவே இல்லை, கம்பி என்றான். தடித்த புழுவுக்கு முள்ளின் வளைவு அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முனை சதைக்குள் புதைந்து மீன் வாயைத் தொடாது. கோக்கும்போது கோணினால் எல்லாம் போச்சு. இவ்வளவும் தெரிந்தவன் நான்கு வாரம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். முத்திரை வைத்த சாமானைக் குறை சொல்ல நான் யார் சார் என்றான்.

மிச்சமிருந்த தலைகளில் முக்கால்வாசி கடலில் போயின என்று எழுதிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழம்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கினேன். களிமண்ணில் நான்கு அளவில் அச்சு செய்துகொண்டேன், சுண்டைக்காய் அளவிலிருந்து நெல்லிக்காய்வரை. கடைத்தெருவில் முள் பொறுக்கினேன். மழைத்தண்ணீர் பீப்பாய்க்குள் ஒவ்வொரு புழுவையும் இறக்கிப் பார்த்தேன். எவ்வளவு நேரத்தில் தரை தொடுகிறது, தொட்டபின் நிற்கிறதா படுக்கிறதா, வால் எப்படித் துடிக்கிறது. என் வாழ்க்கையில் ஒரு பொருளை இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை; என் கல்யாணத்தன்று கமலத்தின் முகத்தைக்கூட. ஒரு மாலை, சரியான தலையோடு ஒரு வெள்ளைப் புழு பீப்பாயின் அடியில் மூக்கை ஊன்றி வாலை மேலே தூக்கி மெல்ல அசைத்தபோது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, பீப்பாய்க்குள் என்ன என்று இந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை, என் டிரான்ஸ்ஃபர் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலை லாஞ்சில் போனோம். சாஹிப் தூண்டிலைத் தயாராக வைத்துக்கொண்டு, தலைக்காக என் பக்கம் கையை நீட்டினார். என்னிடம் இரண்டு டப்பாக்கள். ஒன்றில் மரு வைத்தவை, பேருக்கு மிச்சம் வைத்திருந்தவை. மற்றொன்றில் நான் வார்த்தவை. அப்போது சவரிமுத்து சுக்கானை விட்டுத் திரும்பாமல், சாஹிபுக்குத் தமிழ் புரியாது என்ற நிம்மதியில், சாதாரணக் குரலில் சொன்னான்:

"சார், மீனு கெடச்சுட்டா இந்தாளு உங்கள விடமாட்டாரு. மரு வச்சதக் குடுங்க. இன்னும் ரெண்டு மாசம் ஒண்ணும் கெடைக்கலன்னா சலிச்சுப்போயி, கையெழுத்தப் போட்டு உங்களத் தொரத்திருவாரு."

எனக்கு அது விளங்கியது. அதுதான் நடக்கும் என்றும் தெரிந்தது. ஆனால் நீவாடு தணிந்திருந்தது. நங்கூரக் கயிறு படகை விட்டு நேராக இறங்கி நின்றது. இந்த நீருக்கு, இந்த ஆழத்துக்கு, அந்த வெள்ளைப் புழுவுக்குப் பொருத்தமான தலை என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது என் இரண்டாவது டப்பாவில் இருந்தது. மகள் அப்பா என்று கூப்பிடும் போட்டோ நினைவுக்கு வந்தது. கை அந்த டப்பாவைத் திறந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை கமலத்திடம் என்னால் சொல்ல முடியவில்லை. தப்பான தலையை எடுத்துக் கொடுக்க விரல் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வீச்சில் ஒரு பாரை மீன் அடித்தது. சாஹிப் ஒரு பக்கம் விழுந்தார், தொப்பி ஒரு பக்கம் விழுந்தது. தூண்டில் கழி வளைந்து கிரீச்சிட்டது. படகுக்குள் வந்து கிடந்த மீனை நிறுத்திப் பார்த்தால் அவர் இடுப்புக்கு மேல் வரும். வெள்ளிக் கவசம் போட்டுக்கொண்டு எங்கள் மூவரையும் அருவருப்போடு பார்த்தது. சாஹிப் அழுதார். என்னைக் கட்டிக்கொண்டார், மீனையும் கட்டிக்கொண்டார். சட்டை முழுக்கச் செதில். மதராஸி மதராஸிதான் என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். சவரிமுத்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு படகைத் திருப்பினான்.

மறுநாள் என் மனு திரும்பி வந்தது. அதில் கையெழுத்து இருந்தது, வாக்குத் தவறவில்லை. கையெழுத்துக்கு மேலே மூன்று வரிகளும் இருந்தன. இவர் இந்த அலுவலகத்துக்கு இன்றியமையாதவர், விடுவிப்பதற்கில்லை, உடனடியாகக் குடும்பக் குடியிருப்பு ஒதுக்கப்படுகிறது. கமலத்துக்கு எழுதினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: மீன் பிடிக்கத் தெரிந்த சைவரை விடமாட்டோம் என்கிற ஆபீஸை என் கண்ணால் பார்க்க வேண்டும், வருகிறோம். வந்தார்கள். ஹேடோ துறையில் மகள் என்னைப் பார்த்துவிட்டு அப்பா எங்கே என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற சவரிமுத்து, போட்டோவுல முடி அதிகம் பாப்பா, அவருதான் என்று என் பக்கம் கையைக் காட்டினான்.

அப்புறம் வருஷங்கள். சாஹிப் ஓய்வுபெற்றுப் போனார், புழுப் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டு. புதிதாக வந்தவருக்கு மீன் என்றாலே ஆகாது. நான் கேட்பதற்கு முன்பே மனுவை அனுப்பச் சம்மதித்தார். விடுப்பில் போகிறாயே, மதராஸ் ஆபீஸில் நீயே நேரில் கொடுத்துவிடு என்றார். போன சித்திரையில் குடும்பத்தோடு கப்பலேறினேன். மதராஸில் இறங்கினோம். அந்த அலுவலகத்தின் வாசல் வழியாகவே ரிக்‌ஷாவில் போனோம். பகல் பதினொரு மணி, கதவு திறந்திருந்தது. மகள் இளநீர் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். அப்படியே ரயிலுக்குப் போய்விட்டோம்.

மன்னார்குடிக்கு வந்துசேர்ந்த மறுநாள் காலை ஹரித்ராநதிக் கரையில் நின்றேன். பெயர்தான் நதி, நாலு பக்கமும் படி கட்டிய குளம். கமலம் ஈரத் துணியோடு மேலே வந்து, "என்னங்க, மெட்ராஸ்ல மனுவக் குடுத்தீங்களா?" என்றாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு ஈயம் போடலாம் என்று கண் தேடிக்கொண்டிருந்தது. மனு மடித்தபடியே நீட்டிக்கொண்டிருந்த என் சட்டைப்பையை அவள் பார்த்தாள். துணியைப் பிழிந்தாள். குளத்தில் ஒரு அசைவும் இல்லை. கோபுரம் அதற்குள் தலைகீழாக, ஆணி அடித்ததுபோல நின்றது. கப்பலை விட்டு இறங்கி மூன்றாம் நாள் ஆகியும் என் கால்களுக்குள் கடல் நிற்கவில்லை. அந்தக் கல்படியில், பிறந்த ஊரில், நான் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தேன்.