இர்மா கிளைகளை இறக்கிய இடம்

வடகடலோரத் தீவு ஊரான எங்கள் சிட்காவில் இர்மாவைப் பிடிவாதக்காரி என்பார்கள். அது முழுக்கச் சரியில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்தவள். யார் சொன்னாலும் கேட்பாள், அண்ணன் சிரில் சொன்னதற்கு எதிராக இல்லாதவரை.

சிரில் சென்ற இலையுதிர்காலத்தில் இறந்துபோனான். எங்கள் மக்கள் கழுகு, காகம் என்று இரண்டு பக்கம்; ஒரு பக்கத்தில் சாவு என்றால் அடக்க வேலை மறுபக்கத்துக்கு. குழி வெட்டியதும் பெட்டியைச் சுமந்ததும் கழுகுப் பக்கத்தார். இர்மாவும் சிரிலும் காகப் பக்கம். ஆண்டு திரும்பும்போது அவர்களை உட்காரவைத்து விருந்து போட வேண்டும். அந்த மேசையில் ஹெர்ரிங் மீனின் சினை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் அவளுக்கு அது விருந்தாகாது. சினை கிடைப்பதோ வசந்தத்தின் சில நாட்களில் மட்டும்; அப்போதே எடுத்து உறையவைத்துக்கொள்ள வேண்டும்.

ஊசியிலை மரக் கிளைகளில் கல் கட்டிக் கரையோரம் அமிழ்த்திவைத்தால், மீன் வந்து சினையை அதில் ஒட்டிவிட்டுப் போகும். சிரில் எப்போதும் கிளை இறக்கும் ஓடைமுகத்துக் குடாவிலேயே இர்மாவும் இறக்கினாள். படகை ஓட்டியவர் கணவர் வெண்டெல். அவர் கழுகு, ஒரே பக்கத்துக்குள் எங்களிடம் கல்யாணம் கிடையாது.

“விருந்தாளியவே கிளை வெட்ட வைக்கிற வீடு இது ஒண்ணுதான்,” என்றார் அவர்.

“பேசாம ஓட்டுய்யா. மீன் மிரண்டுடும்.”

வெண்டெல் தண்ணீரில் கைவிட்டு, விரலை நக்கிப் பார்த்தார். “உப்பே இல்ல. கலங்கலா வேற இருக்கு. இங்க எப்படி வரும்?”

“சிரில் இங்கதான் வைப்பான்.”

அந்தக் குளிர்காலம் பனிக்குப் பதில் மழையாகவே பெய்திருந்தது. ஓடை, குடாவுக்குள் நன்னீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. நமக்கு இடம் என்றால் பாறையும் கரையும். ஹெர்ரிங்குக்கு அது குளிர்ச்சியும் உப்பும் கடற்பாசியும் ஒத்துவருகிற சில நாட்கள். சிரிலுக்கு அது தெரிந்திருக்கலாம். தங்கைக்கு அவன் விட்டுப்போனது குடா மட்டும்.

வெண்டெலின் அக்கா மகன் டேல் வந்து கதவைத் தட்டினான். “அத்தை, வெளித்தீவுப் பக்கம் மீன் வந்து சினை விட்டதுல கடல் பாலா வெளுத்துக் கிடக்கு. கடல்சிங்கமெல்லாம் அங்கதான் கத்துது. என் கிளையில ரெண்டு விரல் கனத்துக்குச் சினை. பாதிய எடுத்துக்கோங்க.”

டேலும் கழுகுதான், பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவன்.

“உன்கிட்ட வாங்கி உனக்கே பரிமாறவா? போடா.”

டேல் போய்விட்டான். இர்மா எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். அதை ஞானம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லாதபோது பலரும் செய்வதுதான். ஆனால் அண்ணனின் குடாவிலிருந்து கிளைகளை அவளே இழுத்தெடுத்தாள். ஒட்டியிருந்தது சேறு மட்டும்.

“நான் அப்பவே சொன்னேன்னு இப்ப சொல்லட்டுமா?” என்றார் வெண்டெல்.

“சொல்லித் தொலை.”

“வேணாம். பின்னால உதவும்.”

புதுக் கிளைகள் வெட்டி வெளித்தீவில் இறக்கினார்கள். அதற்குள் கடலின் வெண்மை கலையத் தொடங்கியிருந்தது. சில நாள் கழித்து இழுத்தபோது, சில கிளைகளில் மெல்லிய ஒரு படலம். பாறை ஓரத்தில் இருந்தவற்றில் மட்டும் நல்ல கனம். இர்மா ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். நறுக்கென்றது.

“எல்லாருக்கும் வருமா?” என்றார் வெண்டெல்.

“ஆளுக்கு ஒரு கை வரும். கனமானதெல்லாம் குழி வெட்டினவங்களுக்கு. உனக்கு அந்த மெலிசு.”

“நானும்தானே பெட்டியத் தூக்கினேன்?”

“பாதி தூரம். அப்புறம் தோள் வலிக்குதுன்னு டேல்கிட்ட மாத்திவிட்டே.”