செல்வத்தின் பேட்டிங்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை டீக்கடையில் எனக்கும் செல்வத்துக்கும் சண்டை. பெண் விஷயம் இல்லை. சொத்து இல்லை. பேஸ்பால்!

சிரிக்காதீர்கள். யாங்கோனில் ஃபுட்பால்தானே என்பீர்கள். ஆனால் தாகேதாவில் ஒரு பொட்டல் மைதானம் இருக்கிறது. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் அங்கே நாங்கள் பத்துப் பேரும் லத்தா பேட்டை மருந்துக்கடைக்காரர்களும் மோதுகிறோம்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றியதில், கொரியாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூன்று வருடம் இருந்தேன். பேஸ்பால் அங்கே கிடைத்தது. உடைந்த முழங்காலும் அங்கேதான். இரும்பு அச்சு விழுந்தது. ஒரு மாதம் படுத்திருந்தேன். பிறகு வேறு தொழிற்சாலை. அவ்வளவுதான்.

சண்டைக்கு வருகிறேன். பேஸ்பாலில் பந்து எறிகிறவருக்குப் பெரும்பாலும் அடிக்க வராது. அவருக்குப் பதிலாக, அடிப்பதற்கென்றே ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த ஆள் வெயிலில் நின்று பந்து பொறுக்க வேண்டாம். முறை வந்தால் எழுந்து அடிக்கலாம், பிறகு உட்கார்ந்துவிடலாம். டி.ஹெச். என்பார்கள். எங்கள் அணியில் எறிகிறவன் செல்வம் — கிரில் பட்டறையில் வெல்டர், என் வகுப்புத் தோழன். டி.ஹெச்.? இந்த முழங்கால்காரன்தான்.

"இன்னைக்கு டி.ஹெச். வேணாம் மச்சான். நானே அடிக்கிறேன்" என்றான் செல்வம்.

அவன் அடித்தால் எனக்கு ஆட்டமே இல்லையே?

"நீ அடிச்சு யாருடா பார்த்தா? கொசு விரட்டற மாதிரி வீசுவ. விரல்ல பந்து பட்டா அப்புறம் எவன் எறியறது? அமெரிக்காக்காரனே யோசிச்சு வெச்ச விதிடா."

"அமெரிக்காக்காரன் நாளன்னைக்கு மலேசியாவுக்கு வேலைக்குப் போறானா? நான் போறேன். அங்க எனக்கு எவன் பந்து போடுவான்?"

"அதுக்காக? தோக்கணுமா?"

"வெயில்ல நிக்காதவன் எதுக்கு அடிக்கணும்? பாதி ஆட்டக்காரன்டா நீ!"

கேப்டன் ஜோசப் அண்ணன் சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். "இந்த சமூசா முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிங்க. லத்தாக்காரங்க எதுன்னாலும் சரிங்கறாங்க" என்றார்.

அவர் கடைசி வாயை எடுக்கும்போது செல்வம் மெதுவாகச் சொன்னான்: "ஆறு மாசமா என் பேட்டிங்கை நீ அடிக்கிற. ஒரு நாள் எனக்குக் குடேன்."

"எடுத்துக்கோ" என்றேன்.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. எந்த ஊரிலும் வந்ததில்லை. அன்றைக்குப் பெஞ்சில் இருந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை தண்ணீர் வாங்கப் போனேன். ஒருவருக்கும் தாகம் இல்லை.

செல்வம் முதல் முறை மட்டையை வீசினான், காற்று. இரண்டாம் முறையும் காற்று. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்... ஏன் மறைக்க வேண்டும்?

கடைசிச் சுற்று. ஒரு ரன் வித்தியாசத்தில் பின்தங்கியிருக்கிறோம். எங்கள் ஆள் ஒருவர் மூன்றாவது பேஸில், ஓடி வந்து சேர்ந்தால் ஒரு ரன் என்ற இடத்தில், காத்திருக்கிறார். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட்; இன்னொருவர் போனால் ஆட்டம் முடிந்தது. செல்வத்தின் முறை.

அடித்துவிட்டான்!

பந்து தரையோடு உருண்டது. லத்தாக்காரர் அதைக் கோட்டைவிட்டுத் துரத்தினார். முதல் பேஸுக்குப் பந்து வருமுன் செல்வம் அங்கே கால் வைத்தால் போதும், ஆட்டம் சமன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தான். நான் நொண்டிக்கொண்டே கோட்டோரமாகக் கூட ஓடினேன்.

முதல் பேஸ் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் அம்பயர் ஊ தின். எங்கள் இருவருக்கும் ஆறாம் வகுப்பில் கணக்கு நடத்திய சயா, அதாவது வாத்தியார். பர்மாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும் — உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் யாரும் நிமிர்ந்து போகமாட்டார்கள். முதுகை வளைத்து, வலது கையைத் தாழ்த்தி, "கடோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மெதுவாகக் கடக்க வேண்டும்.

செல்வம் அதைத்தான் செய்தான்.

ஓட்டம் நின்றது. முதுகு வளைந்தது. கை தாழ்ந்தது. "கடோ, சயா..."

பந்து வந்துவிட்டது.

ஊ தின் கையைத் தூக்கினார். அவுட். பிறகு எழுந்து நின்று பர்மியத்தில் கத்தினார்: "ஏண்டா குனிஞ்ச?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே சயா!"

லத்தாக்காரர்கள் தரையில் விழுந்து சிரித்தார்கள். ஊ தின் மட்டும் சிரிக்கவில்லை. செல்வத்தின் தோளைத் தட்டினார். "விதிப்படி அவுட்தான். நடத்தைக்கு முழு மார்க். கணக்குல நீ வாங்காதது."

ஜோசப் அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பினார். "டி.ஹெச். இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்டா! இவனை ஏன் விட்ட?"

ஆறு மாதமாக நானும் ஊ தின் முன்னால் குனிந்துதான் போயிருக்கிறேன். நான் அடித்தால் பந்து தூரம் போகும். குனிய எனக்கு நேரம் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. நம்மில் பலருடைய பணிவு இவ்வளவுதானோ, நேரம் இருந்தால் மட்டும்?

அந்த விதி நல்ல விதி என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் இனி பேட்டை எடுக்கும்போதெல்லாம், இது யாருடைய முறை என்று ஒரு கேள்வி வரும். வரட்டும்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். செல்வம் ஒரு பையோடு உள்ளே போனான். நான் கண்ணாடிக்கு வெளியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உள்ளே அடுத்த வாசலுக்கு முன்னால் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வம் நின்றான். முதுகை வளைத்தான். கையைத் தாழ்த்தி, மெதுவாக அவரைக் கடந்து போனான்.

இந்த முறை அவுட் இல்லை.