சகலை வீட்டு நரம்புச் சுவர்

ராயபுரத்தில் என் சகலை வீட்டு மாடி அறையில் ஒரு சுவர் இருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவன்தான். வயிற்றெரிச்சலில் மரியாதையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நாங்கள் இரண்டு பேருமே தூண்டில் பைத்தியங்கள். பிழைப்புக்காக அல்ல. அவன் கன்டெய்னர் யார்டில் எலக்ட்ரீஷியன், நான் மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருவொற்றியூர் கடலோரம் அலையைத் தடுக்கக் கொட்டிவைத்திருக்கும் கற்கள் மேல் போய் உட்கார்ந்துவிடுவோம். அங்கே காற்று சரியில்லை என்றால் எண்ணூர் முகத்துவாரம். மீன் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் மாட்டும், அதாவது அதிகம் மாட்டாது. அந்த விஷயத்தில் எனக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் அந்தச் சுவரால் வந்தது. ஒரு பெரிய ப்ளைவுட் பலகை, அதில் வரிசை வரிசையாக பிளாஸ்டிக் பைப் துண்டுகள், ஒவ்வொரு துண்டிலும் தூண்டிலுக்கான நைலான் நரம்பு சுற்றிய ஸ்பூல்கள். மெல்லிய நரம்பு மேல் வரிசையில், போகப்போகத் தடித்து, கடைசி வரிசையில் கொடுவா மீனுக்கான முரட்டு நரம்பு. நுனி அவிழாமலிருக்க பழைய சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக வெட்டி ஒவ்வொரு ஸ்பூலுக்கும் மாட்டியிருக்கிறான். வெயில் பட்டால் நரம்பு இற்றுப்போகும் என்று முன்னால் ஒரு கறுப்புத் திரை வேறு. அதை விலக்கிக் காட்டியபோது என் மனைவி கிட்டே போய் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுப் பார்த்தாள்.

"வெச்சிக்கினா இப்டி வெச்சிக்கணும்," என்றாள். "எங்க வூட்ல ஒரு பெயின்ட் பக்கெட்டு கீது தம்பி. கலீஜு. கைய வுட்டா வெளிய எடுக்க முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் டோல்கேட் வரைக்கும் அந்தச் சுவர்தான் பேச்சு. டோல்கேட் தாண்டியும் அதே பேச்சுதான். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவள் இவ்வளவு தூரம் பேசி நான் கேட்டதில்லை.

பக்கெட் விஷயத்தில் அவள் சொன்னது நிஜம். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு சின்ன அறை எனக்கு உண்டு. வைஸ், டிரில், ரம்பம் எல்லாம் அங்கேதான். நரம்பு ஸ்பூல்கள் மட்டும் பெயின்ட் பக்கெட்டில் கிடக்கும், ஒன்றின் நுனி இன்னொன்றில் மாட்டி, மொத்தமும் இடியாப்பமாக. தூண்டில் கம்பில் மாட்டும் ரீலில் புது நரம்பு ஏற்ற வேண்டுமானால் முதலில் அரை மணி நேரம் சிக்கெடுக்க வேண்டும். பிறகு மனைவியைக் கூப்பிட வேண்டும்.

ரீலில் நரம்பு ஏற்றுவது இரண்டு ஆள் வேலை. ஸ்பூலின் ஓட்டையில் ஒரு பென்சிலைச் செருகி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருடைய கட்டைவிரல் ஸ்பூலின் விளிம்பை லேசாக அழுத்தியபடி இருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து இன்னொருவர் சுற்ற வேண்டும். அழுத்தம் குறைந்தால் நரம்பு தளர்ந்து ஏறும், வீசும்போது கொத்தாக வந்து விழும். அழுத்துகிற வேலையை என் மனைவிதான் செய்வாள். தேரடிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. யார் எந்த மாத்திரையைப் பெயர் தெரியாமல் கலரைச் சொல்லிக் கேட்டார்கள், முதலாளி யாரிடம் எரிந்து விழுந்தார் என்று சுற்றி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். நடுநடுவே, "கட்ட வெரலு நோவுது, சீக்கிரம் சுத்துங்க," என்பாள்.

அவன் வீட்டில் அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. சுவருக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டாண்ட்: ஒரு போல்ட், ஒரு ஸ்பிரிங், இரண்டு வாஷர். ஸ்பூலை மாட்டி நட்டைத் திருகினால் ஸ்பிரிங்கே அழுத்திக்கொள்ளும், பிடிக்க ஆள் வேண்டாம். "இத மாதிரி ஒண்ணு செய்யக்கூடாதா? எங்கையி தப்பிக்கும்," என்று அன்றைக்கே அவள் கேட்டாள். ஃபிட்டர் நான். எலக்ட்ரீஷியன் செய்ததைக் காட்டி என்னிடம் கேட்டாள்.

அடுத்த முறை போனபோது அவன் டீ வாங்க இறங்கினான். நான் திரையை விலக்கி முழுச் சுவரையும் போனில் படம் எடுத்தேன். பைப்புக்கும் பைப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று விரலால் அளந்துகொண்டேன். நடு வரிசையில் மட்டும் ஸ்பூல் இல்லாமல் ஒரு கை அகலத்துக்குக் காலி இடம். அதில் ஒரு சின்னத் தட்டு, தட்டின் விளிம்பில் தடுப்பு மாதிரி ஒரு மெல்லிய ரீப்பர் கட்டை, அடியில் ஒரு ஓட்டை. எதற்கென்று புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, அவன் வைத்திருக்கிறான் என்றால் காரணம் இருக்கும்.

ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் மாடியில்தான் இருந்தேன். அவன் பலகையை விட என் பலகை நேர்த்தி. பைப் முனைகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். ட்யூப் வளையம், கறுப்புத் திரை, ஸ்டாண்ட், அந்தத் தட்டு, ஓட்டை எல்லாம் வந்துவிட்டன. மனைவியைக் கூப்பிட்டுத் திரையை விலக்கினேன்.

"நல்லா கீது," என்றாள். பிறகு, "இந்த ஓட்ட எதுக்கு?"

"காத்து போறதுக்கு."

ஸ்டாண்டில் ஸ்பூலை மாட்டிச் சுற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கை கட்டி நின்று பார்த்தாள். "அப்ப நான் வேணாம்ல," என்று கீழே போய்விட்டாள். அவன் சுவருக்கு டோல்கேட் தாண்டியும் பேச்சு, என் சுவருக்கு இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு அவள் மாடிக்கு வந்தது துணி எடுக்கத்தான். ஸ்டாண்ட் நன்றாகவே வேலை செய்தது. நரம்பு ஒரே சீராக ஏறியது. மருந்துக்கடையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

போன மாதம் ஒரு ரீலைத் திருப்பிக் கொடுக்க ராயபுரம் போனேன். மாடி ஏறும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. அறையில் சகலை ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்து நரம்பு சுற்றிக்கொண்டிருந்தான். திரை விலகியிருந்தது. நடு வரிசைக் காலி இடத்தில் அவனுடைய போன் ரீப்பரில் சாய்ந்து நின்றது. ஓட்டை வழியாகச் சார்ஜர் வயர் கீழே இறங்கியிருந்தது. போனுக்குள் அவன் மனைவி, என் மச்சினி. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் போய் வருஷங்கள் ஆகின்றன. அங்கே இருந்துகொண்டு, "லூசா ஏறுது பாரு, நட்ட டைட் பண்ணு," என்று இவனை அதட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா, அக்கா வர்லியா?" என்றாள்.

அவள் டியூட்டிக்குக் கிளம்பிப் போனபின் சகலை சொன்னான். "இங்க இருந்தப்ப அவதான் பென்சில் புட்சிக்கினு குந்துவா. போனப்புறம் யார் புடிக்கறது? அதான் ஸ்டாண்டு. ஒங்க வூட்ல அக்கா புட்சிக்கினு ஊர்க்கத பேசறத ஒரு வாட்டி பாத்தேன் சகல. சொன்னா சிரிப்பீங்க. வயிறு எரிஞ்சிச்சி."

நான் சிரிக்கவில்லை. நான் ஒரு சுவரையும் நாலு ஸ்பூலையும் பார்த்து எரிந்துகொண்டிருக்க, அவன் எரிய வேண்டியதற்கு எரிந்திருக்கிறான். பொறாமையிலும் என்னை முந்திவிட்டான். அவன் பொறாமைப்பட்டதை நானே என் கையால் கீழே அனுப்பிவிட்டேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போய் ஸ்டாண்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மனைவியைக் கூப்பிட்டேன். மூன்று முறை கூப்பிட்ட பிறகு வந்தாள்.

"ஸ்பிரிங் போயிடுச்சி. கொஞ்சம் புடி."

அவள் ஸ்டாண்டைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். பென்சிலைத் தேடி எடுத்து ஸ்பூலில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி செஞ்ச ஸ்டாண்டு ஒரு நாளும் கெட்டுப் போனதில்ல," என்றாள்.

எரியத்தான் செய்தது. சுற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு மருந்துக்கடைக்கு வந்தது. முதலாளி புதிதாக ஒரு கேமரா மாட்டி, அதை அவள் உட்காரும் இடத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறாராம். அதை அவள் துண்டு போட்டு மூடிவிட்டாளாம். எல்லாம் நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"கட்ட வெரலு நோவுது," என்றாள். "சீக்கிரம் சுத்துங்க."

நான் இன்னும் மெதுவாகச் சுற்றினேன்.