முதல் பெயரை மட்டும் எடு

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு விவசாயிகள் குழுவின் அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. காலையில் வயல், பத்து மணிக்கு மேல் அலுவலகம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். இருக்கிற ஆறு மா நிலத்தையும், ஏக்கர் கணக்கில் இரண்டு, நான்தான் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றால் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. நாற்றுப் பறிப்பதிலிருந்து களையெடுப்பதுவரை அந்த மண்ணில் என் கை படாத இடம் கிடையாது.

சம்பாவுக்கு விதை நெல் வந்து இறங்கியிருந்தது. பட்டியலில் பெயர் உள்ளவர் நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் மூட்டை. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் விடுகிற நேரத்தில் விதை கிடைக்காவிட்டால் அந்தப் போகம் அவ்வளவுதான்.

உறுப்பினர் கோப்பைத் திறந்ததும் தலை சுற்றியது. ஒரு வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஒரே கட்டத்துக்குள் புளிமூட்டை மாதிரி அடைத்து, நடுநடுவே கமா போட்டு வைத்திருந்தார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து வந்துபோகிற எங்கள் மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்கு ஒரு பேரு போதும்மா. முதல் பேர மட்டும் எடுத்துடுங்க. சாயங்காலம் லிஸ்ட் வேணும்."

எக்செல்லின் குவரி எடிட்டரில் இது ஐந்து நிமிட வேலை. டெக்ஸ்ட் ஸ்ப்ளிட் என்று எழுதினால் கமா உள்ள இடமெல்லாம் வெட்டி, ஒரு கட்டத்து எழுத்தைத் தனித்தனிப் பெயர்களின் பட்டியலாக்கும். லிஸ்ட் ட்ரான்ஸ்ஃபார்ம் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரிடமும் போய் நாம் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வரும். முன்னும் பின்னும் ஒட்டிக்கிடந்த வெற்றிடத்தை வெட்டிவிடச் சொன்னேன். கடைசியாக லிஸ்ட் ஃபர்ஸ்ட். அது முதல் பெயரை வைத்துக்கொண்டு மீதியைக் கைகழுவிவிடும். என்டர் தட்டினேன். வீட்டுக்கு ஒரு பெயராக வரிசை நிமிர்ந்து நின்றது. எனக்கே என் மேல் பெருமை. அந்தப் பெருமையோடு எங்கள் வீட்டைத் தேடினேன்.

என் மாமனார் பெயர் இருந்தது. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் யார் வந்து பெயர் கேட்டாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் சொல்வோம். பெரியவர் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமானாலும் பட்டாவை மாற்ற யாருக்கும் நேரம் இருக்காது. அவருக்கு அடுத்து வெளிநாட்டில் இருக்கிற மகன். எல்லாருக்கும் பிறகு, கொசுறு மாதிரி, சேற்றில் இறங்குகிற மருமகள். நான் எழுதிய வரி சுடுகாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து விதை வாங்க நிறுத்தியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜரிடம் போனேன். "சார், இதுல பாதிப் பேரு உயிரோட இல்ல."

"அதனால என்னம்மா, வீட்டு ஆம்பளைங்க யாராவது வந்து வாங்கிக்கட்டும்."

"பேரு உள்ளவங்க ரேகை வைக்காம மூட்டை கெடைக்காதே சார். எங்க வீட்டு ஆம்பள சிங்கப்பூர்ல இருக்காரு. மாமனார் வரணும்னா அமாவாசைக்குத்தான் சார் கூப்பிடணும்."

அவர் சிரிக்கவில்லை. "ஃபார்முலா என்ன குடுக்குதோ அதான் லிஸ்ட்."

"ஃபார்முலாவுக்கு என்ன சார் தெரியும்? முதல் பேர எடுக்கச் சொன்னது நீங்க. எழுதுனது நான்."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அந்த வரியை அழித்தேன். லிஸ்ட் லாஸ்ட் போட்டுப் பார்த்தேன், கடைசிப் பெயராவது சரியாக வருமா என்று. சில வீடுகளில் மருமகள் வந்தாள். சில வீடுகளில் சென்னையில் படிக்கிற பையன் வந்தான். ஒரு வீட்டில் போன வருஷம் பிறந்த குழந்தை. ஆக, வயலில் இறங்குவது யார் என்பது எத்தனையாவது பெயர் என்பதில் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். வெட்டிய பட்டியலை அப்படியே கீழே விரித்து, ஆளுக்கு ஒரு வரியாக்கினேன். பக்கத்தில் ஒரு புதுப் பத்தி சேர்த்து, 'வயலில் இறங்குகிறவரா' என்று தலைப்புக் கொடுத்தேன். மூன்று நாள் எல்லா வீட்டுக்கும் போன் போட்டேன். அன்று சாயங்காலமே லிஸ்ட் கேட்டிருந்த மேனேஜர் மூன்று நாளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

போனை எடுத்த ஆண்கள் பலர் தங்கள் பெயரையே எழுதச் சொன்னார்கள். "போன தடவ களை எடுத்தது யாருங்க?" என்று கேட்டால் சத்தம் குறையும். ஒருவர் கடைசியில் போனை மனைவியிடம் கொடுத்தார்.

"உங்க பேரு சொல்லுங்கக்கா."

அந்த அக்கா வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்.

"அவரு பேரு இல்லக்கா, உங்க பேரு."

"என் பேரு எதுக்குங்க?" என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டேன்.

நாலாம் நாள் பட்டியலை மேனேஜர் மேஜையில் வைத்தேன். பாதிக்கு மேல் பெண்கள் பெயர். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"உங்க பேரும் இருக்கே. இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களே தன் பேரப் போட்டுக்கிட்டா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். அத மட்டும் எடுத்துடுங்க, மத்தவங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுறேன்."

எடுத்துவிடலாம் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு பெயர் போனால் அத்தனை பேருக்கும் விதை கிடைக்கும், நானும் நல்லவளாகிவிடுவேன். இதுவரை எல்லா வீட்டிலும் எங்களை அப்படித்தான் விட்டுக்கொடுக்க வைத்திருக்கிறார்கள். நாங்களும் நல்லவர்களாகவே இருந்துவிட்டோம். போதும் என்று தோன்றியது.

"எடுத்துடுறேன் சார்," என்றேன். "எங்க ஆறு மாவுக்கு இந்தப் போகம் நாத்து விடப்போறது யாரு? அந்தப் பேர நீங்க சொல்லுங்க, போட்டுடுறேன்."

அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. மின்விசிறியில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

விதை கொடுத்த அன்று நான் அலுவலகத்துக்குள் இருக்கவில்லை. வெயிலில் மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். மேஜையில் உட்கார்ந்திருந்த மேனேஜர், தினமும் பத்துத் தடவை என்னைக் கூப்பிடுகிற அதே மனிதர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பேரு?" என்றார். வரிசையின் கடைசி ஆள்வரை கேட்கும்படி சொன்னேன்.